மெத்தையை எரித்துப் பார்ப்பதும் எழுதி வைப்பதும்: அமெரிக்காவின் 1633 விதி, முதல் தடவை செய்பவர்களுக்கு

அமெரிக்காவில் ஒரு புது மாடல் மெத்தை கடைக்கு வரும் முன், அதேபோல் செய்த மூன்று மெத்தைகள் லேபில் எரிந்திருக்க வேண்டும். 2007 ஜூலை 1 முதல் இதுதான் அங்கே சட்டம். கூட்டாட்சி விதித்தொகுப்பில் 16ஆம் தலைப்பு, 1633ஆம் பகுதி, நடைமுறைப்படுத்துவது சி.பி.எஸ்.சி. எனப்படும் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம். அங்கேயே தயாரித்தாலும், வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்தாலும், பழைய மெத்தையைப் புதுப்பித்து விற்றாலும் விதி ஒன்றுதான்.

1973இலேயே வந்த 1632 என்ற விதி சிகரெட்டுக்கானது. கனன்று கொண்டிருக்கும் சிகரெட்டை மெத்தைமேல் வைத்து, சிகரெட்டிலிருந்து எந்தப் பக்கமும் 2 அங்குலத்துக்கு மேல் கருகக்கூடாது என்று பார்ப்பார்கள். அது இன்றும் உண்டு. ஒன்றில் தேறினால் மற்றது வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். 1633 மெழுகுவர்த்தி, லைட்டர், தீக்குச்சி போன்றவற்றின் தீக்கானது. போர்வையில் பற்றிய தீ உள்ளே ஃபோமுக்குப் போய்விட்டால், சில நிமிடங்களில் அறையிலுள்ள எல்லாமே ஒரே வீச்சில் பற்றிக்கொள்ளும். தூங்குகிறவர் எழுந்து வெளியே போக நேரம் கிடைக்க வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவும்.

முதல் படி: எதை எரிக்கப் போகிறீர்கள் என்று எழுதுங்கள்

லேபுக்குப் போன் போடும் முன்பே இதைச் செய்யுங்கள். மேல்துணி, அதற்கடியில் தீயைத் தடுக்கும் துணி, ஃபோம், ஸ்பிரிங், ஓரத்து டேப், நூல், பசை என்று உள்ளே போகும் ஒவ்வொன்றையும், அதைக் கொடுத்தவர் பெயரோடும் எடை, தடிமன் விவரத்தோடும் எழுதுங்கள். எந்த வரிசையில் அடுக்குகிறீர்கள், எப்படித் தைக்கிறீர்கள் என்பதையும் சேருங்கள். இதற்கு ஒரு தனி எண் கொடுங்கள். இந்தப் பட்டியலின்படி செய்யும் மெத்தைதான் உங்கள் மூலமாதிரி.

நூலைத் தனியாகச் சொல்ல ஒரு காரணம் உண்டு. தடுப்புத் துணி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், சாதாரண பாலியெஸ்டர் நூலில் தைத்தால் தீ பட்டதும் நூல் உருகித் தையல் வாய் பிளக்கும்; தீ நேராக உள்ளே இறங்கும். அதனால்தான் ஓரத்தைத் தைக்க அராமிட் போன்ற, வெப்பம் தாங்கும் நூலைப் போடுகிறார்கள். பட்டியலில் வெறுமனே ‘வெள்ளை நூல்’ என்று இருந்தால் ஸ்டோரில் யார் எதை எடுத்துக் கொடுத்தாலும் கேட்க முடியாது.

இரண்டாம் படி: மூன்று சாம்பிள்

மூன்று மெத்தைகள், குறைந்தது ட்வின் (ஒருவர் படுக்கும்) அளவில். அடியில் ஃபவுண்டேஷன், அதாவது மெத்தையைத் தாங்கும் அடித்தளம், வைத்து ஜோடியாக விற்பதானால் ஜோடியாகவே எரிக்க வேண்டும். தனியாகவும் விற்பதானால் தனியாகவும். உறையைப் பிரித்து, 18 முதல் 25 டிகிரி செல்சியஸுக்குள், காற்றின் ஈரப்பதம் 55 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் அறையில், தொடர்ந்து 48 மணி நேரமாவது வைத்திருக்க வேண்டும். ஈரம் ஊறிய மெத்தை மெதுவாக எரிந்து உங்களையே ஏமாற்றும்.

மூன்றாம் படி: தீ

டி வடிவ புரொப்பேன் பர்னர் இரண்டு. மெத்தையின் மேற்பரப்பில் ஒன்று 70 விநாடி எரியும். பக்கவாட்டில் ஒன்று 50 விநாடி. எரியும் போர்வையும் விரிப்பும் தரும் சூட்டை இவை தருகின்றன. பிறகு பர்னரை எடுத்துவிட்டு, தொடங்கியதிலிருந்து 30 நிமிடம் பார்க்கிறார்கள். புகையை மேலே கூண்டில் இழுத்து, எவ்வளவு ஆக்ஸிஜன் செலவாகியிருக்கிறது என்பதை வைத்து வெப்பத்தைக் கணக்கிடுவார்கள்.

தேற வேண்டியவை இரண்டு. 30 நிமிடத்தில் எந்தக் கணத்திலும் வெப்ப வெளியீடு 200 கிலோவாட்டைத் தாண்டக்கூடாது. முதல் 10 நிமிடத்தில் வெளிவந்த மொத்த வெப்பம் 15 மெகாஜூலைத் தாண்டக்கூடாது. மூன்றுமே தேற வேண்டும். இரண்டு தேறி ஒன்று போனால் அந்த மூலமாதிரி தேறவில்லை.

நான்காம் படி: எட்டுப் படம்

வீடியோ எடுக்கலாம், அல்லது குறைந்தது எட்டுப் படங்கள். தீ வைக்கும் முன் ஒன்று, தொடங்கி 45 விநாடிக்குள் ஒன்று, பிறகு 5, 10, 15, 20, 25, 30 நிமிடங்களில் ஒவ்வொன்று. மூலமாதிரி எண், தேதி, நேரம், லேபின் பெயர், இடம் எல்லாம் படத்திலேயே தெரிய வேண்டும். எண் எழுதிய அட்டை கேமராவுக்குள் விழுகிறதா என்று முதல் படத்திலேயே பார்த்துவிடுங்கள். எரிந்த மெத்தையை மறுபடி படம் எடுக்க முடியாது.

ஐந்தாம் படி: ஃபைல்

சோதனை எங்கே, எப்போது நடந்தது, யார் செய்தார், உச்ச வெப்பம், முதல் 10 நிமிட மொத்தம், மேற்பார்த்தவரின் கையெழுத்து: இவை ஒவ்வொரு சோதனைக்கும் வேண்டும். தோற்ற சோதனைக்கும் வேண்டும். அதைக் கிழித்துப் போடத் தோன்றும், போடாதீர்கள். விதி கேட்கிறது என்பது ஒரு பக்கம். எந்தத் துணி எங்கே விட்டுக்கொடுத்தது என்பதை அந்தத் தாளைப் போல வேறெதுவும் சொல்லித் தராது.

அளவு மட்டும் மாறினால், குயீன், கிங் என்று, மறுபடி எரிக்க வேண்டியதில்லை. தீத்தடுப்பில் பங்கில்லாத மேல்துணி மாறினாலும் அப்படியே. வேறு பாகம் எதை மாற்றினாலும், தேர்ச்சி கெடாது என்று ஏற்கத்தக்க காரணம் உங்களிடம் இருக்க வேண்டும். அந்தக் காரணத்தை எழுதி அதே ஃபைலில் வைக்க வேண்டும். ‘முன்பு போலத்தான் இருக்கிறது’ என்று வாய்வார்த்தையாகச் சொல்வது காரணமாகாது.

பதிவுகள் ஆங்கிலத்தில், அமெரிக்காவுக்குள் ஓர் இடத்தில் இருக்க வேண்டும். வெளியிலிருந்து ஏற்றுமதி செய்பவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான்: தொழிற்சாலையில் மட்டும் ஃபைல் இருந்தால் போதாது, அங்கே இறக்குமதி செய்பவரிடமும் முழுசாக இருக்க வேண்டும்.

ஆறாம் படி: தினசரி வேலை

லேபில் எரிந்தது மூன்று. லாரியில் ஏறுவது ஆயிரக்கணக்கில். ஏறுகிறதும் எரிந்ததும் ஒரே பொருள்தான் என்று காட்டுவதற்காகவே இந்த எழுத்து வேலை முழுவதும். உள்ளே வரும் சரக்கைப் பட்டியலோடு ஒப்பிடுங்கள், உற்பத்தியை லாட் லாட்டாக (ஒரே சமயத்தில் செய்த தொகுதிகளாக) பிரித்து எண் கொடுங்கள், எந்த லாட் எந்த மூலமாதிரி என்று குறியுங்கள். நடுவில் ஒரு மெத்தையை எடுத்து எரித்துப் பார்த்துத் தோற்றாலோ, ஒரு பாகத்தில் குறை என்று தெரிந்தாலோ, சரிசெய்யும்வரை அந்த மாதிரியின் உற்பத்தியையும் அனுப்புவதையும் நிறுத்தியாக வேண்டும். லாட் எண் சரியாக இருந்தால் குறை எத்தனை மெத்தையில் என்று உடனே தெரியும். இல்லாவிட்டால் எல்லாவற்றின் மேலும் சந்தேகம்.

ஏழாம் படி: லேபிள்

பிய்ந்து வராத லேபிள். தயாரிப்பாளர் பெயர், முழு முகவரி, செய்த மாதம், வருடம், மாடல், மூலமாதிரி எண், விதிக்கு இணங்குகிறது என்ற உறுதிமொழி. இறக்குமதியானால் வெளிநாட்டுத் தயாரிப்பாளர், இறக்குமதியாளர் இருவர் விவரமும். 12 வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகளுக்கான மெத்தை என்றால், ஆணையம் ஏற்ற வெளிச் சோதனைக்கூடத்தில் சோதித்து, குழந்தைப் பொருளுக்கான தனிச் சான்றும் வேண்டும்.

ஒரு மாடலை நிறுத்தினால் ஃபைலை எறிந்துவிடாதீர்கள். உற்பத்தி நடக்கும் காலம் முழுவதும், அதன் பின் மூன்று ஆண்டும் வைத்திருக்க வேண்டும். கடைசி லாட் வெளியேறிய அன்றே அந்தத் தேதியை ஃபைலின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதிவிடுங்கள்.