தேய்ந்த பிரேக் லீவருக்குச் சரியான மாற்றுப் பாகம் தேடுவது எப்படி?

சைக்கிள் பிரேக் லீவர் ஒரே நாளில் தேய்ந்துவிடுவதில்லை. ஆட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும், கையும் அதற்குப் பழகிவிடும். ஒருநாள் கவனித்து மாற்றலாம் என்று தேடினால் அடுத்த சிக்கல் வருகிறது: லீவர்கள் எல்லாம் பார்க்க ஒன்றுபோலவே இருக்கின்றன, ஆனால் எல்லாம் எல்லா சைக்கிளுக்கும் ஆகாது.

நான் முதன்முதலில் மாற்றியபோது, கையில் பிடிக்க வாகாக இருக்கிறதே என்று ஒன்றை வாங்கினேன். ஹேண்டில்பாரில் கச்சிதமாக உட்கார்ந்தது, அழுத்தினால் நல்ல கெட்டியாகவும் இருந்தது. ஆனால் இறக்கத்தில் சைக்கிள் நிற்கவில்லை. அன்று ஏற்பட்ட பயம் இன்னும் மறக்கவில்லை. என்ன தவறு என்பதை மூன்றாம் படியில் சொல்கிறேன். வாங்குவதற்கு முன் அளந்து பாருங்கள் என்று இவ்வளவு அழுத்திச் சொல்வது அதனால்தான்.

படி 1: தேய்ந்தது லீவர்தானா?

முதலில் பிரேக் பக்கம் கேபிளைத் தளர்த்துங்கள். லீவரில் கேபிள் நுழையும் இடத்தில் கையால் திருகும் ஒரு அட்ஜஸ்டர் இருக்கும். அதிலும் அதன் பூட்டு வளையத்திலும் பிளவு இருந்தால், இரண்டையும் லீவர் உடலில் உள்ள பிளவுக்கு நேராகத் திருப்புங்கள். கேபிள் அந்த வழியாக வெளியே வரும், அதன் நுனியில் உள்ள உலோகத் தலையையும் கழற்றிவிடலாம்.

இப்போது வெறும் லீவரை அசைத்துப் பாருங்கள். தடையில்லாமல், ஆட்டமில்லாமல் நகர்ந்தால் லீவரில் குற்றமில்லை. கேபிளோ, அதன் வெளி உறையோ துருப்பிடித்திருக்கும், அல்லது பிரேக் கட்டை தேய்ந்திருக்கும். கேபிளின் தலைக்கு அருகே ஒரு இழை அறுந்திருந்தாலும் கேபிளை மாற்றிவிடுங்கள். மிச்ச இழைகள் அதிக நாள் தாங்காது.

படி 2: முழு லீவர் வேண்டுமா, சின்னப் பாகம் போதுமா?

லீவர் மேலும் கீழுமாகவோ பக்கவாட்டிலோ ஆடினால், அது சுழலும் அச்சாணியைப் பாருங்கள். அச்சாணி போல்ட்டும் நட்டுமாக இருந்தால் சற்றே இறுக்கிப் பார்க்கலாம். இறுக்கிய பிறகும் லீவர் தானாகத் திரும்பி வர வேண்டும். அப்படியும் ஆடினால் உள்ளே அச்சாணியைச் சுற்றி இருக்கும் புஷ் என்ற சின்னக் குழாய் தேய்ந்திருக்கலாம். பழைய புஷ்ஷைக் கையோடு எடுத்துப்போய், அதே உள்விட்டமும் வெளிவிட்டமும் நீளமும் உள்ள ஒன்றைத் தேடுங்கள். அட்ஜஸ்டர், ஸ்பிரிங், கிளாம்ப் போல்ட் ஆகியவையும் தனியாகக் கிடைக்கக்கூடியவை. தட்டை ஹேண்டில்பார் லீவர்களில் அட்ஜஸ்டரின் மரை பெரும்பாலும் 10 மி.மீ. விட்டம் இருக்கும். ஆனாலும் பழையதைக் காட்டி வாங்குவதே நல்லது.

அச்சாணி ரிவெட் அடித்ததாக இருந்தாலோ, துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தாலோ முழு லீவரையும் மாற்றுங்கள். வளைந்த அலுமினிய லீவரைத் தட்டி நிமிர்த்த வேண்டாம், வளைந்த இடத்திலேயே பிறகு ஒடியும். அச்சாணிக்குப் பதில் ஆணியைச் செருகி ஓட்டுவதும் வேண்டவே வேண்டாம். லீவரின் நுனியில் உள்ள உருண்டை உடைந்திருந்தாலும் மாற்றியாக வேண்டும். கீழே விழுந்தால் லீவர் உடம்பில் குத்தாமல் காப்பது அந்த உருண்டைதான்.

படி 3: மூன்று அளவுகள்

முதல் அளவு, ஹேண்டில்பாரின் விட்டம். லீவர் உட்காரும் இடத்தில்தான் அளக்க வேண்டும். நடுப்பகுதி பெரும்பாலும் தடிமனாக இருக்கும், அங்கே அளந்து ஏமாறாதீர்கள். தட்டையான ஹேண்டில்பார்களில் இது பெரும்பாலும் 22.2 மி.மீ., ரேஸ் சைக்கிள்களின் வளைந்த ஹேண்டில்பார்களில் 23.8 மி.மீ. வெர்னியர் காலிபர் இல்லையென்றால் ஒரு காகிதத் துண்டைச் சுற்றிக் குறித்து, நீளத்தை அளந்துகொள்ளுங்கள். சுமார் 70 மி.மீ. வந்தால் முதல் வகை, 75 மி.மீ. வந்தால் இரண்டாம் வகை.

இரண்டாவது, லீவர் எவ்வளவு கேபிளை இழுக்கிறது என்பது. நான் கோட்டைவிட்டது இதில்தான். சக்கரத்தின் இரு பக்கமும் நீண்ட கைகளைக் கொண்ட வி-பிரேக்குக்கு அதிக நீளம் கேபிள் இழுக்கப்பட வேண்டும். சக்கரத்துக்கு மேலே ஒரே போல்ட்டில் மாட்டியிருக்கும் காலிபர் பிரேக்குக்கும், இரு பக்கமும் குட்டையான கைகளைக் கொண்ட பழைய கேன்டிலீவர் பிரேக்குக்கும் குறைந்த நீளம் போதும், ஆனால் இழுக்கும் விசை அதிகம் வேண்டும். லீவரின் அச்சாணிக்கும் கேபிள் தலை உட்காரும் குழிக்கும் இடையே அளந்து பாருங்கள். சுமார் 30 மி.மீ. என்றால் வி-பிரேக் லீவர், 20 மி.மீ.க்கு அருகில் என்றால் மற்ற வகை. சில லீவர்களில் குழியின் இடத்தை மாற்றி இரண்டுக்கும் பயன்படுத்த வசதி உண்டு.

நான் காலிபர் பிரேக்குக்கு வி-பிரேக் லீவரை மாட்டியிருந்தேன். பிரேக் கட்டை உடனே ரிம்மைத் தொட்டுவிடும், லீவரும் கல்போல் இருக்கும், ஆனால் அழுத்தும் விசை போதாது. ஆகவே கைக்குக் கெட்டியாக இருப்பதை வைத்து நல்ல பிரேக் என்று முடிவு செய்யாதீர்கள். மாறாக, வி-பிரேக்குக்கு மற்ற வகை லீவரை மாட்டினால் லீவர் கொழகொழவென்று கைப்பிடி வரை வந்துவிடும், கட்டை சரியாகப் பிடிக்காது. கேபிளில் இயங்கும் டிஸ்க் பிரேக்குகளில் இரண்டு வகையும் உண்டு. பழைய லீவரின் அளவையே நம்பிப் போங்கள்.

மூன்றாவது, கேபிளின் தலை. தட்டை ஹேண்டில்பார் லீவருக்கு உருளை வடிவம், ரேஸ் லீவருக்குப் பேரிக்காய் வடிவம். சில கேபிள்களில் ஒரு முனைக்கு ஒன்றாக இரண்டும் இருக்கும், வேண்டாததை வெட்டிவிடலாம்.

கேபிளுக்குப் பதில் திரவத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக் என்றால் கணக்கே வேறு. ஷிமானோ மினரல் ஆயிலில் இயங்குகிறது, வேறு சில பிரேக்குகளுக்கு டாட் (DOT) எனும் வேறு வகை பிரேக் திரவம். மாற்றி ஊற்றினால் உள்ளே இருக்கும் சீல்கள் கெட்டுவிடும். அதே தயாரிப்பாளர் பொருந்தும் என்று குறிப்பிட்ட லீவரை மட்டும் வாங்குங்கள். மின்சார சைக்கிளாக இருந்தால், லீவரில் மோட்டாரை நிறுத்தும் சுவிட்ச் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

படி 4: மாடல் எண்

லீவரின் அடிப்பக்கத்திலோ கிளாம்புக்கு அருகிலோ எண் பொறித்திருக்கும். துணியால் துடைத்து, விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் தெரியும். ஷிமானோவில் பிஎல் என்று தொடங்கினால் தனி பிரேக் லீவர், எஸ்டி என்றால் கியர் மாற்றியும் சேர்ந்தது. அந்த எண்ணை வைத்து அவர்களுடைய இணையதளத்தில் பாகங்களைப் பிரித்துக் காட்டும் வரைபடத்தைத் தேடலாம். சின்னப் பாகங்களுக்குத் தனி எண் அதில் இருக்கும், அதைச் சொல்லிக் கேட்டால் குழப்பம் வராது. எண் அழிந்துபோயிருந்தால் கவலையில்லை, படி 3-இன் அளவுகள் கையில் இருக்கின்றன.

படி 5: மாட்டிச் சோதிப்பது

கிரிப்பைக் கழற்ற, அடியில் கொஞ்சம் ஸ்பிரிட் விட்டுத் திருகுங்கள். ஸ்பிரிட் ஆவியானதும் கிரிப் மறுபடி இறுகிக்கொள்ளும். லீவரை முன்கையின் நேர்க்கோட்டில் வருமாறு சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்து வையுங்கள். பிடிக்கும்போது லீவர் நகராத அளவுக்கு கிளாம்பை இறுக்கினால் போதும்.

அப்புறம் கேபிளை மாட்டி, சைக்கிள் நின்ற இடத்திலேயே பத்து முறை பலமாக அழுத்துங்கள். புதிய கேபிள் என்றால் கொஞ்சம் தளரும், மறுபடி சரிசெய்யுங்கள். முழு பலத்தோடு அழுத்தினாலும் லீவர் கிரிப்பைத் தொடக்கூடாது. பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டே பிரேக் பிடித்துப் பாருங்கள், அடுத்து சமதளத்தில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். இரண்டிலும் சக்கரம் உடனே நின்ற பிறகுதான் இறக்கத்துக்குப் போக வேண்டும்.