குதிகால் வலியிலிருந்து மறுபடி ஷட்டிலுக்கு

எனக்கு 64 வயது, சர்க்கரை வந்து 15 வருஷம் ஆகிறது, காலையில் ஷட்டில் ஆடாவிட்டால் அன்றைய நாளே ஓடாது. இரண்டு வருஷத்துக்கு முன் வலது குதிகாலுக்கு மேலே, கெண்டைக்கால் தசையை எலும்போடு இணைக்கிற தசைநாணில் வலி ஆரம்பித்தது. எழுந்ததும் முதல் பத்து அடி நொண்டித்தான் நடப்பேன். ஓய்வு எடுக்கச் சொன்னார்கள், ஆறு வாரம் சும்மா இருந்தேன், வலி போனது, கோர்ட்டில் இறங்கிய அன்றே திரும்பியும் வந்தது. சர்க்கரை ஏறியதுதான் மிச்சம்.

சரி செய்தது வீட்டு மாடிப்படிதான். ஸ்வீடன் மருத்துவர் ஆல்ஃபிரட்சன் 1998இல் வெளியிட்ட பயிற்சியை பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தார். படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, நல்ல காலால் எம்பி, பிறகு முழு எடையையும் வலிக்கிற காலுக்கு மாற்றி, குதிகாலைப் படிக்குக் கீழே மெதுவாக இறக்க வேண்டும். முழங்காலை நீட்டி 15 தடவை மூன்று சுற்று, அப்புறம் லேசாக மடக்கி அதே அளவு. காலை, மாலை, 12 வாரம்.

செய்யும்போது வலிக்கும். தசைநாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு, சீக்கிரம் தேறாது. ஐந்து வாரம் எந்த மாற்றமும் இல்லை, "போதும், விட்டுடுங்க" என்று மனைவியே சொன்னாள். ஒன்பதாவது வாரம் ஒருநாள் நொண்டாமல் குளியலறை வரை போய்விட்டுத்தான் கவனித்தேன், கண் கலங்கிவிட்டது.

இப்போது வாரம் மூன்று நாள், டபுள்ஸ் மட்டும். சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர்கள் டாக்டரிடம் காட்டிவிட்டு ஆரம்பியுங்கள்.