கல்லீரல் அறிக்கையை எந்த வரிசையில் படிப்பது?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் உள்ள நம் குடும்பங்களில் கல்லீரல் பரிசோதனை அறிக்கை வந்தவுடன் பலர் பார்ப்பது ஏ.எல்.டி. என்ற ஈரல் நொதியின் வரியைத்தான், அந்த எண் வரம்புக்குள் இருந்தால் ‘ஈரலுக்கு ஒன்றுமில்லை’ என்று தாளை மடித்து வைத்துவிடுகிறார்கள். அந்த வரியைக் கடைசியாகப் படியுங்கள் என்பதே என் வேண்டுகோள். முதலில் பார்க்க வேண்டியது, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி உடலில் இருப்பதைக் காட்டும் அதன் மேலுறைப் புரதம், அதாவது மேற்பரப்பு ஆன்டிஜென். வழக்கமான கல்லீரல் பரிசோதனையில் அது சேராது என்பதால், மருத்துவரிடம் தனியாகக் கேட்டு எழுதி வாங்க வேண்டும். இந்த வரிசைக்கான காரணம் கல்லீரலின் அமைப்பிலேயே இருக்கிறது.

வலப்பக்க விலா எலும்புகளின் கீழ்ப்பகுதியில் கையை வையுங்கள். உள்ளே, உதரவிதானத்துக்குக் கீழே, சுமார் 1.5 கிலோ எடையுடன் கல்லீரல் இருக்கிறது. அதற்கு வரும் இரத்தத்தில் கால் பங்குதான் தமனி வழியாக வருகிறது. ஏறக்குறைய முக்கால் பங்கு, செரித்த உணவையும் குடல் பாக்டீரியாக்களின் சிதைவுகளையும் சுமந்துகொண்டு குடலிலிருந்து வாயிற்சிரை என்ற இரத்தக் குழாய் வழியாக வருகிறது. இரண்டும் கலக்கும் நுண்குழாய்களின் சுவர்கள் சல்லடைபோல் துளையுள்ளவை. ஆகவே இரத்த நீர் ஈரல் செல்களை நேரடியாகத் தொட்டுச் செல்கிறது. அந்தச் சுவரிலேயே, வருவதை விழுங்கிச் சோதிக்கும் குஃப்ஃபர் செல்கள் அமர்ந்திருக்கின்றன.

ஒவ்வொரு வேளை உணவிலும் நுழையும் அந்நியப் பொருள்களோடெல்லாம் போரிட்டால் கல்லீரல் தன்னையே எரித்துக்கொள்ளும். எனவே குஃப்ஃபர் செல்களும் நுண்குழாய்ச் சுவர்ச் செல்களும் இன்டர்லூக்கின்-10 போன்ற வேதித் தூதுகளைச் சுரந்து, நோயெதிர்ப்பு வெள்ளையணுக்களான டி-செல்களின் சீற்றத்தைத் தணிக்கின்றன. இந்தப் பொறுமையின் ஆழத்தை உணர இரண்டு நிகழ்வுகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். 1967 டிசம்பர் 3 அன்று கேப் டவுனின் குரூட் ஸ்கூர் மருத்துவமனையில் கிறிஸ்டியான் பார்னார்ட் மாற்று இதயம் பொருத்திய நோயாளிக்கு, உடல் அதை நிராகரிக்காதிருக்க எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகள் தரப்பட்டன. 18 நாள்களில் அவர் நிமோனியாவால் இறந்தார். 1969இல் இங்கிலாந்தில் ராய் கால்னின் குழுவினர் பன்றிகளுக்குக் கல்லீரல் மாற்றியபோது, அத்தகைய மருந்தின்றியே பல பன்றிகள் நீண்ட காலம் வாழ்ந்தன.

ஹெபடைடிஸ் பி கிருமி இந்தப் பொறுமையைத்தான் பயன்படுத்திக்கொள்கிறது. பிறக்கும்போது தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளிடம் அது நிரந்தரமாகத் தங்குகிறது. உடல்நலமுள்ள பெரியவர்களில் நூற்றில் ஐவருக்கும் குறைவாகவே தங்குகிறது. கிருமி ஈரல் செல்லை நேரடியாகக் கொல்வதில்லை. பாதிக்கப்பட்ட செல்லைத் தாக்கும் நம் டி-செல்களே பெரும்பாலான சேதத்தைச் செய்கின்றன. உடைந்த செல்களிலிருந்து கசியும் நொதிதான் ஏ.எல்.டி. அந்த எண் போரின் அளவைச் சொல்லும், எதிரி இருக்கிறானா என்பதைச் சொல்லாது.

மேற்பரப்பு ஆன்டிஜென் ஆறு மாதத்துக்கு மேலும் நீடித்தால் அது நாட்பட்ட தொற்று. அப்போது இரத்தத்தில் உள்ள கிருமியின் டி.என்.ஏ. அளவையும் பார்க்கச் சொல்லுங்கள், வீட்டில் உள்ள அனைவரையும் பரிசோதிக்கச் செய்யுங்கள். ஆன்டிஜென் இல்லாமல், அதற்கு எதிரான ஆன்டிபாடி 10 அலகோ அதற்கு மேலோ இருந்தால் பாதுகாப்பு உண்டு. எதுவுமே இல்லையென்றால், வழக்கமாக ஆறு மாதங்களில் மூன்று தவணையாகப் போடப்படும் தடுப்பூசியைக் கேளுங்கள். தென்னாப்பிரிக்காவில் குழந்தைகளுக்கான அட்டவணையில் இது 1995இல்தான் சேர்ந்தது. அதற்கு முன் பிறந்த அம்மா, அப்பா, சித்தப்பா, அத்தை எல்லோரும் இதைச் சோதித்துக்கொள்வது நல்லது.

அடுத்து, கல்லீரல் தயாரிக்கும் இரத்தப் புரதமான அல்புமினும், இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆரும். இவை கல்லீரலின் உழைப்பை அளப்பவை. அல்புமினின் அரையாயுள் சுமார் 20 நாள் என்பதால் அது மெதுவாகவே குறையும். இரத்தம் உறையவைக்க ஈரல் தயாரிக்கும் புரதங்களில் சில, ஒருசில மணி நேரத்திலேயே தீர்ந்துவிடுவதால், திடீர்ச் சேதத்தில் ஐ.என்.ஆர். முதலில் உயரும். கிருமிகளை அழிக்க உதவும் காம்ப்ளிமென்ட் புரதங்களையும் பெரும்பாலும் இதே ஈரல் செல்கள்தான் தயாரிக்கின்றன. கல்லீரல் தளர்ந்தவரைத் தொற்று எளிதில் பற்றுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போது ஏ.எல்.டி.யைப் பாருங்கள். உயர்ந்திருந்தால், கடந்த சில வாரங்களில் உட்கொண்ட அனைத்தையும் ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் கொடுங்கள். பாராசிட்டமால் எத்தனை மாத்திரை என்பதையும் எழுதுங்கள். பெரியவர்களுக்கு ஒரு நாளின் உச்ச வரம்பு 4 கிராம். குவாசுலு-நட்டாலின் புல்வெளிகளில் வளரும் இம்பிலா என்ற செடியின் பெயருக்குச் சூலு மொழியில் நலம் என்று பொருள், ஆனால் அதன் கிழங்கு கல்லீரலையும் சிறுநீரகத்தையும் அழித்து உயிரைப் பறித்திருக்கிறது. கஷாயம் கொடுத்தவர் அண்டை வீட்டுப் பெரியவர் என்பதற்காக அதை மறைக்காதீர்கள். மஞ்சள் காமாலைக்கு ஆயா அரைத்துக் கொடுத்த கீழாநெல்லியும் அந்தத் தாளில் இருக்கட்டும். அது ஹெபடைடிஸ் பி கிருமியை அகற்றும் என்ற நம்பிக்கையைப் பிந்தைய ஆய்வுகள் உறுதிசெய்யவில்லை.