லிண்ட்பெர்க்கின் பாரிஸ் பயணம்: எழுதுபவர்கள் சறுக்கும் இடங்கள்

"அட்லாண்டிக்கை முதலில் விமானத்தில் கடந்தவர் யார்?" என்ற கேள்விக்கு "சார்லஸ் லிண்ட்பெர்க்" என்று விடை போடும் வினாடி வினாத் தாள்கள் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. அது தவறு. 1919 ஜூனிலேயே ஆல்காக்கும் பிரவுனும் விக்கர்ஸ் விமி விமானத்தில் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து அயர்லாந்துக்கு எங்கும் இறங்காமல் பறந்துவிட்டார்கள். 1927இல் லிண்ட்பெர்க் செய்தது வேறு: தன்னந்தனியாக, இடையில் நிற்காமல், நியூயார்க்கிலிருந்து பாரிஸ் வரை. 'தனியாக' என்ற சொல்லை விட்டுவிட்டால் அட்லாண்டிக் சாதனை ஆல்காக், பிரவுன் பக்கம் போய்விடும். தூரச் சாதனை என்று எழுதினால் தேதியையும் சேர்த்து எழுதுங்கள். இரண்டே வாரத்தில் சேம்பர்லினும் லெவினும் நியூயார்க்கிலிருந்து ஜெர்மனிவரை பறந்து அதை முறியடித்தார்கள்.

நேரக் கணக்கில்தான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். மே 20 காலை 7.52க்கு ரூஸ்வெல்ட் ஃபீல்டில் கிளம்பினார். மே 21 இரவு 10.22க்கு லெ பூர்ஜேயில் இறங்கினார். நேராகக் கழித்தால் 38 மணி 30 நிமிடம் வரும். ஆனால் முதல் நேரம் நியூயார்க்குடையது, இரண்டாவது பாரிஸுடையது. இடையிலுள்ள 5 மணி நேர வித்தியாசத்தைக் கழித்தால்தான் சரியான 33 மணி 30 நிமிடம் கிடைக்கும்.

அடுத்தது கேலன். விமானத்தின் டாங்கிகளில் ஏறிய பெட்ரோல் சுமார் 450 அமெரிக்க கேலன், அதாவது 1,700 லிட்டர். பிரிட்டிஷ் கேலன் கணக்கில் பெருக்கி 2,045 லிட்டர் என்று எழுதுபவர்கள் உண்டு. எடையை வைத்துப் பார்த்தால் பிழை உடனே தெரிந்துவிடும். வெறும் விமானம் 975 கிலோ. பெட்ரோல் லிட்டருக்குச் சுமார் 730 கிராம் என்று வைத்தால் 2,045 லிட்டர் கிட்டத்தட்ட 1,490 கிலோ. இரண்டும் சேர்ந்து 2,465 கிலோ. கிளம்பும்போது விமானத்தின் மொத்த எடையே 2,380 கிலோதான். ஆயிலும் ஆளும் அதற்குள்ளேயே அடக்கம்! 1,700 லிட்டர் என்று போட்டால் கணக்கு அழகாகப் பொருந்தும். மைலிலும் இதே கவனம் வேண்டும். அவர் பறந்த தூரமான 3,610 என்பது சாதாரண மைல்; கடல் மைல் அல்ல. கிலோமீட்டரில் 5,810.

வரைபடத்தில் நியூயார்க்கையும் பாரிஸையும் ஸ்கேலால் இணைத்துப் படம் போடுவது இன்னொரு வழக்கமான பிழை. தட்டையான வரைபடத்தின் நேர்கோடு நியூஃபவுண்ட்லாந்துக்கு வெகு தெற்கே போகிறது. அவரோ அந்தத் தீவின் செயின்ட் ஜான்ஸ் நகருக்கு மேலேயே பறந்தார். ஒரு பூகோள உருண்டையை எடுத்து, இரு நகரங்களுக்கும் இடையே நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் வடக்கே வளைந்து நோவா ஸ்கோஷியா, நியூஃபவுண்ட்லாந்து வழியாகப் போகும். மிகக் குறுகிய வழி அதுதான். அந்த வளைவை அவர் 100 மைல் துண்டுகளாக வெட்டி, துண்டுக்கு ஒரு திசை என்று குறித்துக்கொண்டார். அதனால் வடகிழக்கு நோக்கிக் கிளம்பிய விமானம் பாரிஸை நெருங்கும்போது சற்றே தென்கிழக்காகத் திரும்பியிருந்தது.

பள்ளிக் கண்காட்சிக்கு மாடல் செய்பவர்கள் முன்பக்கம் ஒரு கண்ணாடி வைத்துவிடுகிறார்கள். அதை எடுத்துவிடுங்கள். பெரிய பெட்ரோல் டாங்கி விமானிக்கு முன்னால் இருந்தது. விழுந்தால் எஞ்சினுக்கும் டாங்கிக்கும் நடுவில் நசுங்கிவிடக் கூடாது என்பதற்காக அப்படி வைத்தார்கள். எனவே நேரே பார்க்க வழியே இல்லை. பக்க ஜன்னல்களும், இடப்பக்கம் நீட்டிக்கொள்ளும் ஒரு பெரிஸ்கோப்பும்தான். மூக்கில் பல நாட்டுக் கொடிகளையும் வரைய வேண்டாம். வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் தொங்கும் விமானத்தில் அவை இருப்பது உண்மைதான், ஆனால் பாரிஸ் பயணத்துக்குப் பிறகு சுற்றிய நாடுகளுக்காகச் சேர்த்தவை.

விமானத்தின் பெயரை மொழிபெயர்க்கவும் வேண்டாம். 'செயின்ட் லூயிஸின் ஆவி' என்றால் பேய்க்கதை மாதிரி இருக்கிறது! பணம் போட்டவர்கள் செயின்ட் லூயிஸ் நகரத்து வியாபாரிகள்; பெயர் அந்த ஊரைக் குறிப்பது. 'ஸ்பிரிட் ஆஃப் செயின்ட் லூயிஸ்' என்றே எழுதுங்கள்.

'பெட்ரோல் தீரும் தறுவாயில் இறங்கினார்' என்பது கதைக்காகச் சேர்த்தது. இறங்கியபோது 85 கேலன் மிச்சம் இருந்தது. செலவான 365 கேலனை 33.5 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு ஏறத்தாழ 11 கேலன். மிச்சத்தில் இன்னும் ஏழு மணி நேரத்துக்கு மேல் பறந்திருக்கலாம். பெட்ரோல் அளவு காட்டும் முள்கூட அந்த விமானத்தில் இல்லை. ஐந்து டாங்கிகளை மாற்றி மாற்றித் திறந்து, எதில் எத்தனை மணி நேரம் ஓடியது என்று கருவிப் பலகையிலேயே பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு வந்தார். அந்தக் கோடுகள் இன்னும் அழியவில்லை.