சாவிக்கொத்து கைக்கு வருமுன்: இணையப் பாதுகாப்பு படிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் கணினி படிக்கும் பிள்ளைகள் லினக்ஸ், நெட்வேர்க்கிங் என்றால் இரவிரவாகக் கண் விழிப்பார்கள். ஒழுக்கவியல் குறிப்பை மட்டும் சோதனைக்கு முதல்நாள்தான் தேடுவார்கள். இணையப் பாதுகாப்பு வேலைக்குப் போக நினைப்பவர் விடும் முதல் பிழை இதுதான். அந்த வேலையில் அடுத்தவரின் மின்னஞ்சல், சம்பள விவரம், நோயாளி அறிக்கை எல்லாம் உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் கிடக்கும்.

‘நல்ல எண்ணத்தோடுதானே செய்தேன்’ என்ற நம்பிக்கை இன்னும் ஆபத்தானது. ஒரு ரியூட்டரியின் இணையத்தளத்தில் உங்கள் புள்ளியைப் பார்க்கும்போது, தற்செயலாக ஓர் இலக்கம் மாறி வேறொரு பிள்ளையின் புள்ளி தெரிந்துவிட்டது என்று வையுங்கள். அங்கேயே நிறுத்தி, நடத்துபவரிடம் சொல்ல வேண்டும். ஆதாரம் சேர்க்கிறேன் என்று முழுப் பட்டியலையும் இறக்கினால் கதை வேறு. இலங்கையின் 2007ஆம் ஆண்டு 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி, அதிகாரமில்லை என்று தெரிந்தும் ஒரு தகவலை அணுகுவதே குற்றம். ஐந்து ஆண்டுவரை சிறை கிடைக்கலாம். 1988இல் அமெரிக்க மாணவர் ரொபேட் மொரிஸ் பரவவிட்ட நிரல் எந்தக் கோப்பையும் அழிக்கவில்லை. ஆனாலும் ஆயிரக்கணக்கான கணினிகள் திணறின, அவர் தண்டிக்கப்பட்டார்.

எங்கள் ஊரில் இதைவிடக் கஷ்டமான சோதனை வீட்டு வாசலிலேயே வரும். “தம்பி, மகளின்ர பேஸ்புக்கை ஒருக்காத் திறந்து பாத்துச் சொல்லுமன்” என்று பக்கத்து வீட்டு அன்ரி கேட்பா. சின்ன வயதில் சோறு போட்டவ. முகத்தை முறிக்க மனம் வராது. ஆனால் அந்தக் கணக்கு மகளுடையது, அனுமதி தரவேண்டியவளும் அவள்தான். மறுத்துவிட்டு, மகளோடு இருந்து கதைக்கச் சொல்லுங்கள். இதற்கு மறுக்கப் பழகாதவர், நாளைக்கு முதலாளி ஊழியரின் தனிப்பட்ட செய்திகளைக் கேட்டால் எப்படி மறுப்பார்?

அப்புறம், மறைப்பது. 2016இல் ஊபர் நிறுவனத்திலிருந்து 5 கோடி 70 இலட்சம் பேரின் தரவு களவுபோனது. திருடியவர்களுக்கு ஒரு இலட்சம் டொலர் கொடுத்து, நிறுவனத்தின் மென்பொருளில் ஓட்டை கண்டுபிடித்துச் சொன்னதற்கான பரிசு என்று காட்டினார்கள். இந்தக் களவை மறைத்ததற்காக, அப்போதைய பாதுகாப்புத் தலைவர் ஜோ சலிவன் 2022இல் குற்றவாளியாகக் காணப்பட்டார். அவர் முன்பு இணையக் குற்ற வழக்குகளை நடத்திய அரச வழக்கறிஞர். சட்டம் தெரியாதவர் என்று சொல்லவே முடியாது. ‘மேலாளர் மறைக்கச் சொன்னால் யாரிடம் போவேன்?’ என்பதை வகுப்பிலேயே வாதாடிப் பாருங்கள். வேலையிடத்தில் அந்தக் கேள்வி வரும்போது ஆறுதலாக யோசிக்க நேரம் இருக்காது.