கடைக்குள் இருக்கும் கணினியைப் பெயர் சொல்லிக் கூப்பிட

குமுளியில் ஓர் ஏலக்காய்க் கடை. அங்கே நான்கு கணினிகள். முன்னால் மூன்று மேசைகளில் விண்டோஸ், உள்ளறையில் பில் நிரல் ஓடும் ஓர் உபுண்டு லினக்ஸ். மழை பிடித்துவிட்டால் கரண்ட் போவதும் வருவதுமாக இருக்கும். கரண்ட் வந்த கையோடு கம்பத்தில் இருக்கும் எனக்கு போன் வரும். “அண்ணா, பில் வரணில்லா” என்பார் கணக்கு பார்க்கும் சேச்சி.

பில் எங்கும் போகவில்லை. ரவுட்டர் மறுபடி உயிர் பெறும்போது உள்ளறைக் கணினிக்கு வேறு ஐபி எண்ணை, அதாவது வலையமைப்பில் அதன் முகவரியை, கொடுத்துவிடும். நேற்று 192.168.1.7 என்றால் இன்று 192.168.1.12. மேசைக் கணினிகளின் பிரவுசரில் பழைய எண்தான் புக்மார்க். நானும் லோயர் கேம்ப் தாண்டி மலையேறிப் போய், புக்மார்க்கை மாற்றிவிட்டு, ஒரு கட்டன்சாயா குடித்துவிட்டு இறங்குவேன். மூன்றாவது தடவை எனக்கே வெட்கமாகிவிட்டது.

எண்ணுக்குப் பதில் பெயர் வைத்தால் சரியாகிவிடும் என்று பலரும் நேராக ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திறக்கிறார்கள். அதற்கு முன்னால் எண்ணை அசையாமல் கட்டிப்போட வேண்டும். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில், கணினிகளுக்கு எண் கொடுக்கும் டிஹெச்சிபி என்ற பகுதியில் ‘அட்ரஸ் ரிசர்வேஷன்’ இருக்கும். உள்ளறைக் கணினியின் மேக் முகவரியைக் கொடுத்து, 192.168.1.50 அதற்கு மட்டும்தான் என்று எழுதி வைத்தேன். மேக் முகவரி நெட்வொர்க் கார்டோடு பிறந்த அடையாள எண். கரண்ட் போனாலும் மாறாது. வயரில் இணைத்தால் ஒரு மேக், வைஃபையில் இணைத்தால் வேறொரு மேக் என்பதை மட்டும் கவனியுங்கள்.

சரி, இனி பெயர். ஹோஸ்ட்ஸ் கோப்பு என்பது நாமே எழுதி வைத்துக்கொள்ளும் போன் நம்பர் நோட்டு மாதிரி. கணினி ஒரு பெயரைக் கேட்டதும் முதலில் இந்த நோட்டைப் புரட்டும், அதில் இல்லையென்றால்தான் பெயருக்கு எண் சொல்லும், வெளியே இருக்கும் டிஎன்எஸ் சர்வரிடம் கேட்கும். ஒரு காலத்தில் மொத்த வலையமைப்புக்குமே இப்படி ஒரே ஒரு நோட்டுதான். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிலையத்தில் எலிசபெத் ஃபைன்லரின் குழு அதைப் பராமரித்தது. மற்றவர்கள் பிரதி எடுத்துக்கொண்டார்கள். கணினிகள் பெருகவும் அது கட்டுப்படியாகவில்லை. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைத்தார். ஆனாலும் அந்தப் பழைய நோட்டு இன்றும் எல்லாக் கணினியிலும் கிடக்கிறது, நம்மைப் போன்ற சின்னக் கடைகளுக்கு உதவ.

என்ன பெயர் வைக்கலாம்? வெளியுலகில் யாரிடமும் இல்லாத பெயராக இருக்க வேண்டும். பலர் டாட் லோக்கல் என்று முடிப்பார்கள், வேண்டாம். அந்த முடிவு எம்டிஎன்எஸ் என்ற வேறொரு முறைக்கு ஒதுக்கப்பட்டது, இரண்டும் மோதிக்கொள்ளும். இப்படி உள்ளுக்குள் மட்டும் புழங்கும் பெயர்களுக்காகவே டாட் இன்டர்னல் என்ற முடிவை, இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் 2024இல் ஒதுக்கி வைத்தது. நான் ‘ஏலம் டாட் இன்டர்னல்’ என்று வைத்தேன். (இங்கே நான் தமிழில் எழுதுவதை எல்லாம் நீங்கள் ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்ட வேண்டும்.)

விண்டோஸில் அந்தக் கோப்பு இருக்கும் இடம்: சி டிரைவ், விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், ஈடிசி. நோட்பேடை வெறுமனே திறக்காதீர்கள். ஸ்டார்ட் மெனுவில் அதன் மேல் வலது சொடுக்கு போட்டு ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுங்கள். பிறகு ஃபைல், ஓப்பன் வழியாக அந்த ஃபோல்டருக்குப் போனால் காலியாகத் தெரியும். பயப்பட வேண்டாம், கீழே ‘டெக்ஸ்ட் டாக்குமென்ட்ஸ்’ என்று இருப்பதை ‘ஆல் ஃபைல்ஸ்’ என்று மாற்றினால் ஹோஸ்ட்ஸ் தலை காட்டும். கடைசியில் ஒரு வரி சேருங்கள்: முதலில் 192.168.1.50, ஓர் இடைவெளி, அப்புறம் பெயர். சேமித்தால் முடிந்தது.

அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்காமல் போனால், வேறு பெயரில் சேமிக்கச் சொல்லி நோட்பேட் கேட்கும். நாமும் சரி என்போம். ஹோஸ்ட்ஸ் டாட் டிஎக்ஸ்டி என்று ஒன்று உருவாகும். அதை விண்டோஸ் ஏறெடுத்தும் பார்க்காது. முதல் மேசையில் நான் மாட்டிக்கொண்டது இதில்தான்.

அந்த வரியில் எண்ணும் பெயரும் தவிர வேறெதையும் எழுதாதீர்கள். ஹெச்டிடிபி கூடாது, சாய்கோடு கூடாது, போர்ட் எண்ணும் (கணினிக்குள் ஒரு நிரலுக்கான வாசல் எண்) கூடாது. பில் நிரல் 8080 போர்ட்டில் ஓடினால் அதைப் பிரவுசரில்தான் பெயருக்குப் பின்னால் தட்ட வேண்டும். நட்சத்திரக் குறி போட்டு எல்லாத் துணைப் பெயர்களையும் ஒரே வரியில் அடக்கவும் முடியாது.

உபுண்டுவிலும் இதே கதைதான். ஈடிசிக்குள் இருக்கும் ஹோஸ்ட்ஸை சூடோ நானோ கொண்டு திறக்கலாம் (சூடோ நிர்வாகி உரிமை தரும் கட்டளை, நானோ ஓர் எடிட்டர்). அங்கே 127.0.1.1 என்று தொடங்கும் வரியில் அந்தக் கணினியின் பெயரே இருக்கும். கணினிப் பெயரை மாற்றினால் இங்கேயும் மாற்றுங்கள், இல்லையென்றால் சூடோ போடும்போதெல்லாம் பெயர் கிடைக்கவில்லை என்று முனகும். முதல் வரியில் உள்ள 127.0.0.1 லோக்கல்ஹோஸ்ட் மேல் கை வைக்காதீர்கள்.

சோதிக்க என்எஸ்லுக்கப் வேண்டாம். அது நோட்டைப் புரட்டாமல் நேராக டிஎன்எஸ் சர்வரிடம் போய்விடும். எல்லாம் சரியாக இருந்தும் பெயரே இல்லை என்று சாதிக்கும். விண்டோஸில் பிங் போடுங்கள், லினக்ஸில் கெட்என்ட் ஹோஸ்ட்ஸ் என்று தட்டிப் பெயரைக் கொடுங்கள். விண்டோஸில் பழைய எண்ணே வந்தால், அது நினைவில் வைத்திருக்கும் பதில்களை அழிக்க ஐபிகான்ஃபிக் கட்டளையோடு ஃப்ளஷ்டிஎன்எஸ் சேர்த்து ஒரு தடவை ஓட்டிவிடுங்கள். பிரவுசரில் முதல் தடவை ஹெச்டிடிபியோடு முழு முகவரியையும் தட்டுவது நல்லது. வெறும் பெயரைத் தட்டினால் கூகுளில் தேடப் போய்விடும். சேச்சிக்கு ஏல அறிவிப்புகளாக வந்து விழுந்தது.

எழுதும் வரிக்கு மேலே ஹேஷ் குறி போட்டு, யார், எப்போது, எதற்கு என்று குறித்து வையுங்கள். இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. ஒருவருடைய இணையதளத்தைப் புது சர்வருக்கு மாற்றும் முன் பார்ப்பதற்காக என் லேப்டாப்பில் அதன் பெயருக்கு நேராகப் புது எண்ணை எழுதினேன். வேலை முடிந்தது, வரியை அழிக்க மறந்துவிட்டேன். பல மாதம் கழித்து அவர் மறுபடி சர்வர் மாற்றினார். ஊருக்கெல்லாம் தளம் திறக்கிறது, எனக்கு மட்டும் திறக்கவில்லை. இரண்டு நாள் நெட் இணைப்புக் கொடுத்தவரைத் திட்டிக்கொண்டிருந்தேன், பாவம்.

மூன்று மேசையிலும் பெயர் ஓட ஆரம்பித்ததும் முதலாளி தன் போனை நீட்டினார். ரூட் செய்யாத, அதாவது முழு நிர்வாகி உரிமையைத் திறக்காத, ஆண்ட்ராய்டில் அந்தக் கோப்பைத் திருத்த முடியாது. உபுண்டுவில் டிஎன்எஸ்மாஸ்க் என்ற சின்ன டிஎன்எஸ் சர்வரை நிறுவினால் அது தன் ஹோஸ்ட்ஸ் கோப்பையே படித்துக் கடை முழுவதற்கும் பதில் சொல்லும். ரவுட்டரில் டிஎன்எஸ் சர்வராக 192.168.1.50ஐக் கொடுத்தால் போதும். ஆனால் உள்ளறைக் கணினி படுத்தால் எல்லோருக்கும் நெட் படுத்துவிடும். நாலு கணினிக்கு அது அதிகம் என்று விட்டுவிட்டேன். எண்தான் இனி மாறாதே. முதலாளியின் போனில் மட்டும் 192.168.1.50 என்றே புக்மார்க் கிடக்கிறது.