பகடைக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டு பகடைகளுக்குக் கூறுவெளியில் (விழக்கூடிய எல்லா முடிவுகளின் தொகுப்பில்) 36 புள்ளிகள் இருக்க, 12 என்று எழுதுவது, பின்னத்தைச் சுருக்க மறப்பது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். நாலு கணக்குப் போட்டால் அவை தானாகப் போய்விடும். ஆண்டுக்கு ஆண்டு புதிய மாணவர்கள் வந்தும் விடைத்தாளில் மாறாமல் வரும் தவறுகள் வேறு.

ஒன்றையொன்று விலக்கினால் சார்பில்லை என்று எழுதுவது

ஒரு பகடையை ஒருமுறை உருட்டுகிறோம். 2 விழுவது ஒரு நிகழ்ச்சி, 5 விழுவது இன்னொன்று. இவை சார்பிலா நிகழ்ச்சிகளா என்று கேளுங்கள். "ஆமாம், ரெண்டுக்கும் பொதுவா எதுவுமே இல்லையே" என்ற பதில்தான் முதலில் வரும். வென் படத்தில் வட்டங்கள் தனித்தனியாக நிற்பதைப் பார்த்ததும் கை தானாக, சார்பிலா நிகழ்ச்சிகளுக்கு உரிய விதிப்படி, 1/6 × 1/6 = 1/36 என்று பெருக்கிவிடுகிறது. ஒரே உருட்டலில் 2, 5 இரண்டும் சேர்ந்து விழவே முடியாது, விடை 0. நடக்கவே முடியாததற்கு 36-இல் ஒரு வாய்ப்பு கொடுத்திருப்பதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. இரண்டு கருத்துகளையும் ஒப்பிட்டுக் காட்டாமல் அடுத்தடுத்து நடத்திவிட்டுப் போகும் பழக்கத்தின் மீதுதான் அந்த எரிச்சல்.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: முதல் நிகழ்ச்சி நடந்துவிட்டது என்று தெரிந்தால் இரண்டாவதன் வாய்ப்பு மாறுகிறதா? 2 விழுந்துவிட்டது என்றால் 5-இன் வாய்ப்பு 1/6-இலிருந்து 0-க்கு இறங்கிவிடுகிறது. இதைவிட இறுக்கமான சார்பு எங்கே இருக்கிறது? நிகழ்தகவு 0 ஆகாத இரு நிகழ்ச்சிகள் ஒன்றையொன்று விலக்கினால் அவை சார்பிலா நிகழ்ச்சிகளாக இருக்கவே முடியாது.

பொதுப்புள்ளிகள் இருந்தும் சார்பு இல்லாமல் போகலாம். இரட்டை எண் விழுவது: 2, 4, 6. நிகழ்தகவு 1/2. நான்கோ அதற்குக் குறைவோ விழுவது: 1, 2, 3, 4. நிகழ்தகவு 2/3. இரண்டுக்கும் பொது 2, 4; அதாவது 1/3. பெருக்கினாலும் 1/2 × 2/3 = 1/3. இரண்டும் சமம், எனவே சார்பு இல்லை. இப்போது நான்கை மூன்றாக மாற்றுங்கள். பொதுவாக மிஞ்சுவது 2 மட்டும், 1/6. பெருக்கினால் 1/4. சார்பு வந்துவிட்டது.

இரண்டு பகடைகளில் கண் இன்னும் மோசமாக ஏமாறும். முதல் பகடையில் 4, கூட்டுத்தொகை 7. கூட்டுத்தொகைக்குள்ளேயே முதல் பகடை இருக்கிறதே, சார்பு இல்லாமல் இருக்குமா என்று தோன்றும். 1/6 × 6/36 = 1/36; (4,3) என்ற ஒரே புள்ளியின் நிகழ்தகவும் 1/36. சார்பு இல்லை! முதல் பகடையில் எது விழுந்தாலும் ஏழை நிரப்ப இரண்டாவதில் சரியாக ஓர் எண் காத்திருக்கிறது. கூட்டுத்தொகை 8 என்றால் கதை வேறு. முதலில் 1 விழுந்தால் எட்டுக்கு வழியே கிடையாது. 1/6 × 5/36 = 5/216, ஆனால் (4,4)-இன் நிகழ்தகவு 6/216. ஆகவே படத்தையும் உள்ளுணர்வையும் நம்பாமல், இரண்டின் நிகழ்தகவையும் வெட்டின் (இரண்டும் சேர்ந்து நடப்பதன்) நிகழ்தகவையும் தனித்தனியே எழுதி, பெருக்கிப் பார்த்த பிறகே முடிவு சொல்லுங்கள்.

இரண்டிரண்டாகச் சரிபார்த்துவிட்டு மூன்றையும் பெருக்குவது

முதல் பகடை ஒற்றை, இரண்டாவது ஒற்றை, கூட்டுத்தொகை ஒற்றை. எந்த இரண்டை எடுத்தாலும் சேர்ந்து நடக்க 1/4, பெருக்கலோடு சரி. மூன்றும் சேர்ந்து 1/8 அல்ல, 0; இரண்டு ஒற்றைகளைக் கூட்டினால் இரட்டைதான்.

"ஒன்றிலாவது 6" என்றதும் கூட்டுவது

1/6 + 1/6 என்றால் (6,6) இரண்டு முறை எண்ணப்படுகிறது. சரியான விடை 11/36. நிரப்பு நிகழ்ச்சி (எதிலுமே 6 விழாதது) வழியாகப் போனால் தவறவே மாட்டீர்கள்: 1 − (5/6)². பிரான்சில் கணிதவியலாளர்கள் பாஸ்கலும் ஃபெர்மாவும் 1654-இல் எழுதிக்கொண்ட கடிதங்களிலும் இந்த வகைக் கணக்கு வருகிறது. ஒரு பகடையை 4 முறை உருட்டினால் ஒருமுறையாவது 6 விழ 0.518 வாய்ப்பு. இரட்டை ஆறுக்கு 36 புள்ளிகள், ஆறு மடங்கு. அதனால் 24 உருட்டல் போதும் என்று தோன்றும். 1 − (35/36)²⁴ போட்டால் 0.491தான். வாய்ப்பு பாதியைத் தாண்ட 25 உருட்டல் வேண்டும்.

"இந்தத் தடவை தாயம் விழுந்தே ஆகணும்"

0, 1, 2, 3 பொறித்த இரண்டு தாயக்கட்டைகளில் தாயம் (கூட்டுத்தொகை 1) விழ 16-இல் 2, அதாவது 1/8. எட்டு முறை உருட்டியும் தாயமே விழாமல் போக (7/8)⁸, ஏறக்குறைய 0.34. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்! ஒன்பதாவது உருட்டலிலும் அதே 1/8தான். கட்டை தேய்ந்து ஒருபக்கம் சாய்கிறதோ என்று சந்தேகப்பட்டால், இதுவரை விழாதது இனியும் குறைவாக விழும் என்றுதான் கணிக்க வேண்டும்.

"முதல்" என்ற சொல்லைக் கவனிக்காதது

முதல் பகடை 6 என்று தெரிந்தால் இரண்டும் 6 ஆக இருக்க 1/6. ஏதோ ஒன்றாவது 6 என்று மட்டும் தெரிந்தால் 1/11; 6 உள்ள 11 புள்ளிகளில் (6,6) ஒன்றுதான்.